புயலுக்கு முன்பே போக வேண்டிய கடை: கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்ட ஊரின் ஹார்ட்வேர் கடை

கூரை பறந்த மறுநாள் காலையில் ஊர் முழுக்கக் கேட்பது தகரத்தைத்தான். "அண்ணே, எட்டடித் தகரம் பன்னிரண்டு, குடையாணி ரெண்டு கிலோ." பெரும்பாலான கடைகள் லோரியில் ஏற்றி அனுப்பிவிடும். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரின் ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் இருக்கும் அக்கா முதலில் மூன்று கேள்வி கேட்பார். கீழே இருப்பது மரமா, இரும்பா? வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? போன தகரம் எப்படிப் போனது: ஆணி பிடுங்கிக்கொண்டா, ஆணி அங்கேயே நிற்கத் தகரம் மட்டும் கிழிந்தா, கைமரத்தோடு சேர்ந்தா?

அந்த மூன்றாவது கேள்விக்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறோம். புயலுக்குப் பிறகு வீட்டை மீட்பதில் பாதி வேலை, எது கைவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான். கைவிட்ட இடத்தை விட்டுவிட்டுத் தகரத்தை மட்டும் மாற்றினால் அடுத்த காற்றில் புதுத் தகரம் பறக்கும்.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் வராது என்று நம் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். 2001 டிசம்பர் 27ஆம் தேதி வாமேய் புயல் ஜொகூரில் கரையேறியது. 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் சிலாங்கூரை மூழ்கடித்த மழையைக் கொண்டுவந்தது கிழக்குக் கரையில் ஏறிய ஒரு வெப்பமண்டலத் தாழ்வழுத்தம். இவை தவிர மேற்குக் கரைக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று இருக்கிறது. மலேசியக் காற்றுச்சுமை விதியான எம்.எஸ். 1553 வீடுகளுக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படை வேகம் வினாடிக்கு 33.5 அல்லது 32.5 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வீச்சு. பழைய லயத்து வீடுகளை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, கட்டிய காலத்தில் இப்படிக் கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

கடையின் பலம் கூரை அலமாரி. அதிலிருந்து தொடங்குவோம்.

ஆணி பிடுங்கிக்கொண்டு போன வீடுதான் நம் பக்கம் அதிகம். காரணம் குடையாணி, குடை போன்ற தலையுள்ள கூரை ஆணி. வழவழப்பான தண்டு, ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டு மரம் சுருங்கிவிட்டால் பிடி போய்விடும். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்கு. சன்னல் திறந்துகொண்டால் உள்ளே புகும் காற்று கீழிருந்தும் தள்ளும். இந்தக் கடையில் குடையாணியும் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் வீட்டுக் கூரைக்கு என்றால் ஸ்குரூவைத்தான் எடுத்து வைப்பார்கள்: 12ஆம் நம்பர், அறுகோணத் தலை, கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் வாஷரோடு.

நீளத்தில் ஏமாறாதீர்கள். வளைவுத் தகரத்தில் மேட்டின் மேல் ஸ்குரூ போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் வழியிலேயே ஓட்டை. மேட்டின் உயரம் சுமார் 17 மி.மீ. அப்படியானால் 50 மி.மீ. ஸ்குரூ மரத்துக்குள் போவது 33 மி.மீ. மட்டும். புது மரத்துக்கு அது போதும். பழைய பெரோட்டிக்கு, அதாவது தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு, 65 மி.மீ. வாங்குங்கள். இரண்டு அங்குலப் பெரோட்டியின் உண்மைக் கனம் பெரும்பாலும் 45 மி.மீ. தான், ஆகவே நுனி கீழே கொஞ்சம் தலைகாட்டும். அது குற்றமில்லை. இரும்புச் சட்டத்துக்கு நுனியே துளையிடும் வேறு ரகம். மரத்து ஸ்குரூவை இரும்பில் திருகினால் நுனி கருகி மழுங்கும். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து மேலே தமிழில் எழுதியிருப்பது இந்தக் கடையில் நமக்குப் பிடித்த இன்னொரு விஷயம்.

எத்தனை வேண்டும்? இருபுறச் சாய்வுக் கூரை, நீளம் 9 மீட்டர், ஒரு பக்கச் சரிவு 4 மீட்டர், பெரோட்டிகள் 80 செ.மீ. இடைவெளியில் ஆறு வரிசை என்று வைத்துக்கொள்வோம். இறவாரத்து வரிசையிலும் முகட்டு வரிசையிலும் ஒன்று விட்டு ஒரு மேட்டில் போட வேண்டும், ஏனென்றால் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் உறிஞ்சல் அதிகம். 76 மி.மீ. மேட்டிடைவெளிக்கு வரிசைக்கு 60. நடு நான்கு வரிசைகளில் இரண்டு விட்டு ஒரு மேடு, வரிசைக்கு 40. ஒரு பக்கத்துக்கு 280, இரண்டு பக்கத்துக்கு 560. இரு கோடித் தகரங்களுக்கும் நடு வரிசைகளிலும் ஒன்று விட்டு ஒன்றாக நெருக்கிப் போட்டால் இன்னும் 30க்கு மேல். விழுந்து தொலைவது, கோணலாகப் போவது எல்லாம் சேர்த்து 700. ஒரு கிலோ இரண்டு கிலோ என்று கேட்காமல் எண்ணிக்கையில் கேளுங்கள். இங்கே நூறு நூறாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

கடல் தூரத்தை அக்கா கேட்பது ஸ்குரூவின் பூச்சுக்காக. சாதாரணத் துத்தநாகப் பூச்சு உப்புக்காற்றில் சில ஆண்டுகளில் தலையோடு துருப்பிடித்துவிடும். கடையில் மூன்றாம் தரம், நான்காம் தரம் என இரண்டு பூச்சு இருக்கிறது. கரையோரக் கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கு நான்காம் தரம் வேண்டும். உள்ளே தோட்டத்துப் பக்கம் என்றால் மூன்றாம் தரமே போதும், அனாவசியச் செலவு வேண்டாம்.

திருகும்போது நடக்கும் பெரிய தவறு, இம்பாக்ட் டிரைவரை வைத்து இறுக்கித் தள்ளுவது. ரப்பர் பிதுங்கி வெளியே வந்தால் ஒரு வருட வெயிலில் வெடிக்கும், தகரமும் குழிந்து அந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். இரும்பு வாஷரின் ஓரத்தில் ரப்பர் லேசாகத் தெரியும் அளவில் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் துளையிட்ட இரும்புத் தூளைக் கூரையிலிருந்து பெருக்கித் தள்ளுங்கள். ஒரு மழைக்கே அது துருவாகிப் பூச்சைத் தின்னும். கிரைண்டரில் தகரம் வெட்டினால் ஓரத்துப் பூச்சு கருகிப்போகிறது. தகரக் கத்தரி வாடகைக்கும் கொடுக்கிறார்கள்.

இப்போது கிழிந்த தகரம். ஸ்குரூ அப்படியே நிற்க, தகரத்தில் நட்சத்திரம் போல விரிசல் ஓட்டை மட்டும் இருந்தால் அது வேறு நோய். 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடியலில் டிரேசி புயல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை அடித்தபோது விமான நிலையக் கருவி மணிக்கு 217 கிலோமீட்டர் வீச்சைப் பதிந்துவிட்டு உடைந்தது. அந்த ஊரில் பெரும்பாலான கூரைகள் நம்முடையது போன்ற தகரம். பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டது இது: காற்று ஒரே இழுப்பில் பிடுங்கவில்லை, விட்டு விட்டு இழுத்ததில் ஸ்குரூ தலையைச் சுற்றித் தகரம் வளைந்து வளைந்து அலுத்து விரிந்தது, கம்பியை முன்னும் பின்னும் மடித்து உடைப்போமே அப்படி. அதற்குப் பிறகு டார்வினில் கூரைத் தகரத்தை 10,000 தடவை இழுத்துத் தளர்த்திச் சோதிக்கும் விதி வந்தது. ஸ்குரூ தலைக்கு அடியில் அகலமான சைக்ளோன் வாஷர் போடும் பழக்கமும் அங்கே வேரூன்றியது. விசையை ஒரு புள்ளியில் விடாமல் பரப்புகிறது, அவ்வளவுதான்.

அந்த வாஷர் இந்தக் கடையில் கிடைக்கிறது. சிறிய ஊர்க் கடையில் இதை எதிர்பார்க்கவில்லை, மனதாரப் பாராட்டுகிறோம். கூரை முழுக்கத் தேவையில்லை; இறவாரம், முகடு, இரு கோடிகள், இவை போதும். வாங்குமுன் உங்கள் தகரத்தின் வளைவுக்கு அது உட்காருகிறதா என்று ஒரு துண்டுத் தகரத்தை எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள். வளைவு பொருந்தாத வாஷர் மேட்டை நசுக்கும்.

தகரத்தின் கனத்தில் இன்னொரு கண்ணி. விற்பவர் சொல்லும் 0.47 மி.மீ. பெரும்பாலும் பூச்சோடு சேர்ந்த கனம். உள்ளே இருக்கும் இரும்பு 0.42. பிஎம்டி எவ்வளவு என்று கேளுங்கள், அது வெறும் இரும்பின் கனம். இங்கே சீட்டில் எழுதித் தருகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் மெல்லிய தகரத்தை முன்வாசல் பந்தலுக்கு வைத்துக்கொள்ளலாம், படுக்கையறைக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது வகை, கைமரத்தோடு போன கூரை. இங்கே தகரமும் ஸ்குரூவும் தம் வேலையைச் செய்துவிட்டன. கைமரத்தைச் சுவர்த்தலை மரத்தோடு பிடித்திருந்த இரண்டு சாய்வு ஆணிகள்தான் விட்டன. 1992 ஆகஸ்டு 24ஆம் தேதி ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவின் ஹோம்ஸ்டெட் வட்டாரத்தைத் தரைமட்டமாக்கியபோது, கூரைப் பலகையை அடித்த பல பிடிகள் கீழே உள்ள மரத்தில் படவே இல்லை என்று தெரியவந்தது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் அடித்தது போலத்தான் இருந்திருக்கும். அந்த அனுபவத்திலிருந்துதான் 2002இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. அங்கே வலியுறுத்தப்படுவது தொடர்ச்சியான பிடிப்பு: தகரம் பெரோட்டியை, பெரோட்டி கைமரத்தை, கைமரம் சுவரை, சுவர் அடித்தளத்தை, சங்கிலி போலப் பிடிக்க வேண்டும். சங்கிலியில் மெலிந்த கண்ணி எதுவோ அங்கேதான் கூரை பிரியும்.

அதற்கான இரும்புப் பட்டை, இங்கே ஸ்ட்ராப் என்று கேட்டால் தருவார்கள், இரண்டு அளவில் இருக்கிறது. சுமார் 1.2 மி.மீ. கனமுள்ள, திருகி வளைத்த ரகத்தை எடுங்கள். மெல்லிய ரோல் பட்டை கையால் வளைகிறது, அது பெட்டி கட்டத்தான். மேலே சொன்ன வீட்டுக்குக் கைமரம் 60 செ.மீ.க்கு ஒன்று என்றால் 16, இரு முனைக்கும் 32 ஸ்ட்ராப். ஒன்றுக்குப் பத்து ஆணி என்றால் 320. எல்லா ஓட்டையிலும் ஆணி இறங்க வேண்டும். நாலு ஓட்டையை விட்டால் ஸ்ட்ராப்பின் பலத்தில் குறைந்தது பத்தில் நாலு பங்கு போனது. செம்பு கலந்த மருந்து ஏற்றிய பச்சை மரத்தில் சாதாரணத் துத்தநாகப் பட்டை சீக்கிரம் அரிக்கும், அதற்குக் கனமான சூட்டுப் பூச்சு ரகம் கேளுங்கள். அது இங்கே இருப்பில் இல்லை, சொல்லி வைத்தால் கிள்ளானிலிருந்து வரவழைக்கிறார்கள்.

சுவர்த்தலை மரமே செங்கல் மேல் சும்மா கிடக்கும் வீடுகள் லயங்களில் நிறைய. அங்கே ஸ்ட்ராப் மட்டும் போட்டால் மரமும் சேர்ந்து எழும். 12 மி.மீ. மரையிட்ட கம்பியைச் சுவருக்குள் இறக்கி ரசாயனப் பசையில் நட வேண்டும். துளையைத் துலக்கி ஊதித் தூசி எடுக்காமல் பசையை விட்டால் பிடிக்காது. பசை இருக்கிறது, ஊதும் பம்ப் இல்லை. இவ்வளவு தெரிந்த கடைக்காரர் அந்தச் சின்னப் பம்பையும் வாங்கி வைக்கலாம்.

பழைய லயத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கூரை உடைந்திருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் துண்டாக இறக்கி, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். முகத்துக்குப் பி100 வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், துணி முகமூடியோ என்95ஓ அந்த நாருக்குப் போதாது. கடையில் கல்நாருக்கு என்று கேட்டவருக்கு அறுக்கும் தட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதை நிறுத்த வேண்டும், இதில் எங்களுக்குச் சமாதானம் இல்லை.

கூரை வரும்வரை கேன்வஸ். முகட்டைத் தாண்டி மறுபக்கமும் ஒரு மீட்டர் போகட்டும், ஓரத்தை ஒரு சட்டத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அந்தச் சட்டத்தை ஸ்குரூ போடுங்கள். கேன்வஸ் மேல் நேரடியாக ஆணி அடித்தால் ஒரே இரவில் ஓட்டை கிழிசலாகும்.

வெள்ள அலமாரிக்கு வருவோம். இங்கே கடை கொஞ்சம் சறுக்குகிறது.

வாசலில் பொருத்தும் அலுமினியத் தடுப்புப் பலகை நன்றாக விற்கிறதாம். 15 செ.மீ. உயரத்தில் நான்கு பலகை, மொத்தம் 60 செ.மீ. பொருள் தரமானது, சொல்லப்படும் விதம்தான் குறை. 90 செ.மீ. அகலக் கதவில் தண்ணீர் 30 செ.மீ. நின்றால் பலகை மேல் விழும் தள்ளுவிசை சுமார் 40 கிலோ. 60 செ.மீ. நின்றால் 160 கிலோ. ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அத்தனையும் இரு பக்கத் தடத்தைப் பிடித்திருக்கும் திருகுகளில் இறங்குகிறது. கூடவே வரும் சின்னப் பிளாஸ்டிக் பிடியும் திருகும் சிமெண்ட் பூச்சில்தான் நிற்கும், செங்கல்லை எட்டாது. 10 மி.மீ. விரியும் ஆங்கர் போல்ட்டைத் தனியாக வாங்கி, சுவர் முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளித் துளையிடுங்கள். வாசல்படி சமமாக இல்லாவிட்டால் அடி ரப்பர் உட்காராது. பூச்சு வைத்துச் சமன் செய்த பிறகே பலகை. வெளியே தண்ணீர் 60 செ.மீ.க்கு மேல் ஏறினால் பலகையை எடுத்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிடுங்கள். அரைச் செங்கல் சுவர் அதற்கு மேல் தாங்கும் என்று நம்பி நிற்பது ஆபத்து, சுவர் விழுந்தால் மீட்பு பல மாதம்.

இதைவிட முக்கியம், தண்ணீர் வாசல் வழி மட்டும் வருவதில்லை. குளியலறைத் தரைத்துளை, கழிவறைக் குழாய் இரண்டும் பின்வாசல். நம் கடலோரச் சமதளத்தில் பாரிட் (வடிகால் வாய்க்கால்) தண்ணீர் கடலுக்குப் போவது அலைக் கதவுகள் வழியாக. கடல் ஏறும்போது கதவு மூடும். கிள்ளான் துறைமுகப் பக்கம் பெரிய அலையேற்றம் 5 மீட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் மேலே மழை கொட்டினால் பாரிட் நிறைந்து வீட்டுக் குழாய்க்குள் திரும்பும். 100 மி.மீ. விரியும் ரப்பர் மூடி, நடுவில் காதுநட்டு உள்ளது, ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள். தடுப்புப் பலகை விற்கும்போதே இதையும் சேர்த்து எடுத்துச் சொல்ல வேண்டியது கடையின் கடமை. இப்போது அது குழாய் அலமாரியின் அடியில், கேட்டால் மட்டும் கிடைக்கிறது.

மணல் மூட்டையைப் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நிரப்ப வேண்டும். முட்ட நிரப்பிய மூட்டை உருண்டை, இடையில் சந்து விடும். செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி வைத்து மிதித்து அமர்த்துங்கள். உயரத்தைப் போல மூன்று மடங்கு அடி அகலம் வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு வேண்டியவற்றில் இங்கே சரியானவை: முட்டிவரை பூட்ஸ், எலிச் சிறுநீர் நோய்க்கு முதல் தற்காப்பு அதுதான், தடித்த கையுறை, சேற்றை வழிக்கும் ரப்பர் துடைப்பான். குளோரோக்ஸ் (ப்ளீச்) சேற்றின் மேல் ஊற்றினால் வீண். முதலில் சேறு போகக் கழுவி, பிறகு பூஞ்சை பிடித்த கெட்டிப் பரப்புக்கு 4 லிட்டர் தண்ணீரில் ஒரு கப், சுமார் 240 மில்லி. அமிலக் கழிவறைத் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார்கள். பிரித்து வைத்தால் நல்லது. பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்டுக்கு அவசரப்படாதீர்கள். ஈரச் சுவரில் அடித்தால் இரண்டே மாதத்தில் கொப்புளம். ஈரமானி வாடகைக்கு உண்டு. மரத்தில் 18 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும்வரை சன்னலைத் திறந்து விசிறி ஓடட்டும். நம் காற்றின் ஈரத்துக்கு இதைவிடக் கீழே எதிர்பார்த்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மின்சாரத்தில் ஒரே சொல். தண்ணீர் ஏறிய சாக்கெட், எம்சிபி, ஆர்சிசிபி (மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்சுகள்) எதையும் காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது. கடையில் நல்ல பொருள் இருக்கிறது, மாற்றுவது சான்றிதழ் உள்ள வயர்மேன் வேலை. வயர்களை 500 வோல்ட் காப்புச் சோதனை செய்து 1 மெகாஓம் வந்த பிறகே மெயினை ஏற்றச் சொல்லுங்கள். மாற்றும்போதே சாக்கெட்டுகளை இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றிவிடுங்கள். 1900 புயலில் ஆயிரக்கணக்கானோரை இழந்த அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரம் கடற்சுவர் கட்டியதோடு நிற்காமல், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் கடல் மணலை நிரப்பியது. வீட்டைத் தூக்க நமக்கு வசதியில்லை, சாக்கெட்டைத் தூக்கலாம். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, சன்னலுக்கு எதிரில் இல்லாமல் வையுங்கள். அதன் மின்சாரத்தைச் சாக்கெட் வழியாக வீட்டுக்குள் திருப்பிவிட இரு முனையும் ஆண் பிளக் உள்ள வயர் கேட்பவர்களுக்கு இந்தக் கடை செய்து கொடுப்பதில்லை. மின்கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் அதில் இருக்கிறது, அந்த மறுப்பை மதிக்கிறோம்.

இரண்டு நடைமுறைச் செய்தி. கடையின் லோரி தோட்டத்துத் தாழ்வான பாதையில் தண்ணீர் நின்றால் வராது. ஸ்ட்ராப்பும் நான்காம் தர ஸ்குரூவும் அக்டோபர் மழை தொடங்கியதும் தீர்ந்துவிடுகின்றன. கூரையின் நீளம், சரிவு, பெரோட்டி வரிசை, கைமர எண்ணிக்கை இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். அக்கா கணக்குப் போட்டு மூட்டை கட்டி வைத்துவிடுவார். பழைய தகரத்தில் ஓட்டை விழுந்த ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள், அதைப் பார்த்தாலே அவருக்குப் பாதி புரிந்துவிடும்.